ஆறாவது பேச்சாளர்: ஒரு பட்டிமன்ற நிகழ்வு ஆய்வு

2023இல் எங்கள் மன்றம் நடத்திய ஒரு பட்டிமன்றம் எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது என்பதன் பதிவு இது. சிங்கப்பூரில் சிறு தமிழ் அமைப்புகளை நடத்துபவர்களுக்குப் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன். யாருடைய பெயரும் இல்லை. அரங்கின் பெயரும் இல்லை.

பின்னணி

எங்கள் மன்றம் சிறியது. சந்தா கட்டுபவர்கள் நாற்பது பேர், கூட்டத்துக்கு வருபவர்கள் இருபது பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள், அலுவலகம் போகிறவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் நான்கைந்து பேர், அப்புறம் ஞாயிறு மட்டும் தங்கும் விடுதிகளிலிருந்து வரும் வெளிநாட்டு ஊழியர்கள் சிலர். நான் செயலாளர். மாதம் ஒரு சந்திப்பு, வருடம் ஒரு பட்டிமன்றம்.

பட்டிமன்றத் தலைப்புகளில் நாங்கள் என்றுமே துணிச்சல்காரர்களாக இருந்ததில்லை. ‘மகிழ்ச்சி தருவது பணமா, குணமா?’ என்பதை மட்டும் மூன்று முறை நடத்தியிருக்கிறோம். மூன்று முறையும் குணம்தான் வென்றது.

அந்த ஆண்டு ஜூலையில் ஊழியர்களை லாரியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்வது மறுபடியும் பெரிய பேச்சாக இருந்தது. அதை நிறுத்தச் சொல்லிப் பல அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன. உடனே நிறுத்தினால் தாங்காது என்று வர்த்தக அமைப்புகள் பதில் சொல்லின. கட்டுமானப் பணிகள் தாமதமாகும், செலவு கூடும், சிறு நிறுவனங்கள் தாக்குப்பிடிக்காது என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசாங்கமும் விளக்கம் கொடுத்தது. இரண்டு பக்கத்திலும் சொல்வதற்கு நிறைய இருந்தது. பட்டிமன்றத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு வேறென்ன என்று கேட்டார் எங்கள் மாணவ உறுப்பினர் ஒருவர். ‘லாரிப் பயணம்: உடனே நிறுத்துவதா, படிப்படியாக மாற்றுவதா?’ செயற்குழு ஏற்றுக்கொண்டது. செப்டம்பர் 24, ஞாயிறு மாலை என்று நாளும் குறித்தோம்.

ஓர் அணிக்கு மூன்று பேர், இரண்டு அணி, ஒரு நடுவர். ஐந்து பேச்சாளர்கள் சுலபமாகக் கிடைத்தார்கள். ‘உடனே நிறுத்துவது’ அணியின் மூன்றாவது ஆளாக, மொத்தத்தில் ஆறாவதாக, கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் ஒருவர் பெயர் கொடுத்தார். புதுக்கோட்டைப் பக்கம். வயது முப்பத்தைந்துக்குள். கவிதை எழுதுவார், எங்கள் சந்திப்புகளில் வாசிப்பார், குரல் நன்றாக இருக்கும். தினமும் விடியற்காலை லாரியில் ஏறுபவர் எங்கள் பட்டியலில் அவர் ஒருவர்தான். அவரைக் கேட்கவே கூட்டம் வரும் என்று நினைத்தோம்.

சுவரொட்டி தயாரித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டோம். அதில் ஆறு பேரின் படமும் இருந்தது.

பிரச்சினை தெரிய வந்தது

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் அரங்கிலிருந்து ஒரு படிவம் வந்தது. வழக்கமான படிவம்தான், ஆண்டுதோறும் நான் நிரப்பியதுதான். நிகழ்ச்சி அரசியல் தொடர்பானதா, சமயம் தொடர்பானதா, வெளிநாட்டுப் பேச்சாளர் உண்டா என்று மூன்று கட்டங்கள். ‘பணமா குணமா’ காலத்தில் மூன்றிலும் யோசிக்காமல் ‘இல்லை’ போட்டிருக்கிறேன். இந்த முறை முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிட்டது. மூன்றாவதில் பொய் சொல்ல முடியாது.

அன்றிரவு வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். காலைக்குள் அறுபது செய்திகள். ‘பொஃப்மாவில் மாட்டுவோம்’ என்றார் ஒருவர். பொய்ச் செய்திகளைத் தடுக்கும் சட்டத்தின் சுருக்கப் பெயர் அது. ‘தேசநிந்தனைச் சட்டம் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்’ என்றார் இன்னொருவர். அந்தச் சட்டம் 2022 நவம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. பத்து மாதத்துக்கு முன் செத்துப்போன சட்டத்துக்குப் பயந்துகொண்டிருந்தோம். 2013 டிசம்பரில் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், வெளிநாட்டு ஊழியர்கள் பலர் ஈடுபட்ட கலவரத்தை ஒருவர் நினைவுபடுத்தினார். அதற்கும் பட்டிமன்றத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. ‘ஓபி மார்க்கர்’ என்ற சொல் நாலு தடவை வந்தது. பொதுவில் பேசும்போது தாண்டக்கூடாத எல்லை என்று பொருள். 1991இல் அமைச்சராக இருந்த ஜார்ஜ் இயோ கோல்ஃப் ஆட்டத்திலிருந்து எடுத்துப் புழக்கத்தில் விட்ட சொல் அது. கோல்ஃப் மைதானத்திலாவது எல்லைக்கு வெள்ளைக் குச்சி நட்டிருப்பார்கள். எங்கள் குழுவில் கோல்ஃப் ஆடுபவர் யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் நானும் மாணவரும் உட்கார்ந்து சட்டத்தையே எடுத்துப் படித்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

சட்டம் என்ன சொல்கிறது

நாங்கள் படித்துப் புரிந்துகொண்டது இது. வழக்கறிஞர் கருத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அரசமைப்பின் 14ஆவது பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்களுக்குக் கொடுக்கிறது. அதற்கு நாடாளுமன்றம் சட்டத்தால் வரம்பு போடலாம் என்றும் சொல்கிறது. கூட்டங்களுக்கான வரம்பு 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தில் இருக்கிறது. பொது இடத்தில் ஒரு கூட்டம் ஒருவரையோ அரசாங்கத்தையோ ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துக் காட்டுவதற்காக நடந்தால், அல்லது ஒரு கோரிக்கையைப் பரப்புவதற்காக, ஒரு நிகழ்வை நினைவுகூர்வதற்காக நடந்தால், அதற்குக் காவல்துறை அனுமதி தேவை. ஒரே ஒரு ஆள் நின்றாலும் அது கூட்டம்தான். உரை, விவாதம், கலந்துரையாடல் என்ற வடிவத்தில் இருந்தாலும் கூட்டம்தான். அரங்குக்குள் நடந்தாலும், யாரும் வரலாம் என்று அழைத்திருந்தால், அது பொது இடமாகிவிடும்.

ஆனால் உள்ளரங்கக் கூட்டங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. நடத்துபவர் சிங்கப்பூர்த் தரப்பாக இருக்க வேண்டும். அவரோ அவர் சார்பில் ஒருவரோ கடைசிவரை அங்கே இருக்க வேண்டும். சமயம் பற்றி நேராகவோ மறைமுகமாகவோ பேசக்கூடாது. இனங்களுக்கும் சமயங்களுக்கும் இடையே பகை மூட்டக்கூடியது எதையும் பேசக்கூடாது. பேசுபவர்கள் அனைவரும் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் அனுமதி கேட்க வேண்டியதே இல்லை.

இதைப் படித்ததும் எங்கள் பயத்தில் பாதி இறங்கிவிட்டது. லாரிப் பயணம் பேசக்கூடாத தலைப்பு என்று எங்கும் இல்லை. நாடாளுமன்றத்திலேயே பல முறை பேசியாயிற்று. இரு தரப்பும் மோதும் பட்டிமன்றம் சட்டம் சொல்லும் ‘கூட்டம்’ ஆகுமா என்பதே கேள்விக்குரியது. ஓர் அணி எதிர்த்தால் மறு அணி ஆதரிக்கிறது, நடுவர் சிரிக்க வைக்கிறார், இது எந்தக் கோரிக்கையைப் பரப்புகிறது? மாணவர் இந்த வாதத்தை மிகவும் நம்பினார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

மிச்சப் பாதி பயம் கடைசி நிபந்தனையில் வந்து நின்றது. ஆறாவது பேச்சாளர் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர். இதோடு முடியவில்லை, நான்காவது பேச்சாளர் நிரந்தரவாசி, குடிமகன் இல்லை. இது அதுவரை எங்கள் யாருக்கும் உறைக்கவே இல்லை. அவர் பதினெட்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறார். நாங்கள் அவரைச் சிங்கப்பூரர் என்றே நினைத்துப் பழகிவிட்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செயற்குழு ஆகஸ்ட் கடைசியில் கூடியது. மூன்றரை மணி நேரம் ஓடியது, இடையில் இரண்டு தடவை தேநீர்.

தலைப்பை மாற்றிவிடலாம் என்பது முதல் யோசனை. ஐந்துக்கு நான்கு வாக்கில் தோற்றது. முடிவைத் தீர்மானித்த அந்த ஒரு வாக்கு நடுவராக இருக்க ஒப்புக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியருடையது. “பயந்து தலைப்பை மாத்துனா அடுத்த வருசம் தலைப்பே இருக்காது. பணமா குணமாதான்” என்றார்.

அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது இரண்டாவது. மன்றத்தின் பெயரைக் காவல்துறைக் கோப்பில் ஏற்ற வேண்டாம் என்று இரண்டு பேர் பிடிவாதமாக நின்றார்கள். விண்ணப்பிப்பது குற்றமா என்ன? இருந்தாலும் அந்தச் சங்கடத்தை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. நாளும் குறைவாக இருந்தது. கைவிட்டோம். எங்கள் நிகழ்ச்சிக்கு அனுமதி தேவையா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டிருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. ‘கேட்டால் வேண்டாம் என்பார்கள், கேட்காமல் இருப்பதே மேல்’ என்ற எண்ணம் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே மேசையைச் சுற்றி வந்துவிட்டது.

உறுப்பினர்களுக்கு மட்டும் மூடிய நிகழ்ச்சியாக நடத்தலாம் என்பது மூன்றாவது. சுவரொட்டி ஏற்கெனவே வெளியே போயிருந்தது. இருநூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள்.

ஆறாவது பேச்சாளரின் பேச்சைக் காணொளியாகப் பதிவு செய்து காட்டலாமே என்று ஒருவர் கேட்டார். ஹாங்காங் செயல்பாட்டாளர் ஜோஷுவா வோங் 2016 நவம்பரில் இங்கே நடந்த ஓர் உள்ளரங்க நிகழ்ச்சியில் ஸ்கைப் வழியாகப் பேசினார். அனுமதியில்லாமல் அதை நடத்தியதற்காக ஏற்பாட்டாளர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2019இல் மொத்தம் 3,200 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட மறுத்ததற்காக. திரையில் வந்தாலும் பேச்சாளர் பேச்சாளரே என்பது அதிலிருந்து தெரிந்தது. காணொளி வேண்டாம் என்று முடிவானது.

கடைசியில் எடுத்த முடிவு: தலைப்பு அப்படியே இருக்கும். நிரந்தரவாசி நேரக் காப்பாளராக மணி அடிப்பார். அவர் இடத்தில் மாணவர் பேசுவார். ஆறாவது பேச்சாளர் எழுதிக் கொடுப்பதை, குடிமகனான நடுவர் வாசிப்பார். கேள்வி நேரத்தில் யார் குடிமகன் என்று பார்த்து மைக் கொடுக்க முடியாது என்பதால் கேள்வி நேரமே கிடையாது. கருத்துகளைத் துண்டுத் தாளில் எழுதிப் போடலாம்.

நிரந்தரவாசியிடம் நான்தான் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. “என் பையன் இப்ப தேசிய சேவையில இருக்கான் சார். சரி, மணி அடிக்கிறேன்” என்று மட்டும் சொன்னார். தேசிய சேவை என்றால் இங்கே இளைஞர்களுக்கான கட்டாயச் சீருடைப் பணி.

ஆறாவது பேச்சாளர் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். “நல்லதாப் போச்சு அண்ணே” என்றார். “பெர்மிட் புதுப்பிக்கிற நேரம். பேரும் போட வேணாம். சொவரொட்டியில போட்டோ இருக்குல்ல, அதையும் எடுத்துருங்க.” படத்தை அன்றைக்கே எடுத்தோம். அவரை மேடையேற்ற நினைத்தபோது, அது அவருக்கு என்ன ஆபத்து என்று எங்களில் ஒருவர்கூட அவரைக் கேட்டிருக்கவில்லை.

கையெழுத்துப் பிரதி

செப்டம்பர் இரண்டாம் வாரம் பிரதி வந்தது. கோடுபோட்ட நோட்டுத் தாள் நான்கு, நீல மை, இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. பேச்சுத் தமிழிலேயே எழுதியிருந்தார். விடியற்காலை ஐந்தரைக்கு விடுதி வாசலில் வரிசை, ஏறும்போது முதலில் கைகொடுப்பவர் யார், கூரைக்குக் கீழே எந்த மூலையில் காற்று வரும், எந்த மூலையில் தூக்கம் வரும். 2023 ஜனவரி முதல் மழைத் தடுப்பு கட்டாயமாகிவிட்டது என்பதைக்கூட விடாமல் எழுதியிருந்தார்: ‘மழ இப்ப உள்ள வர்றதில்ல, வேர்வதான் வெளிய போவ மாட்டேங்குது.’

அதை வைத்துக்கொண்டு நானும் துணைச் செயலாளரும் ஒரு சனிக்கிழமை இரவு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். கையில் பென்சில். ‘எங்க ஊர்ல மாட்ட ஏத்துனாக்கூட வைக்கலு போடுவாங்க’ என்ற வரியில் முதல் கோடு விழுந்தது. கடுமையாக இருக்கிறதாம். ‘மொதலாளி காரு எங்களுக்கு முன்னாடி போவும், கண்ணாடி கருப்பு’ அடுத்தது. அதில் ‘முதலாளி’ யாரையோ குறிப்பதாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தோம். தீவு விரைவுச்சாலை என்று எழுதியிருந்ததை ‘சாலை’ ஆக்கினேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ‘புள்ளையாரக் கும்புட்டுட்டுத்தான் கால வப்பேன்’ என்பதையும் அடித்தோம். சமயம் பற்றி மறைமுகமாகக்கூடப் பேசக்கூடாது என்று விதியில் இருப்பதால் அந்த ஒன்றுக்கு மட்டும் ஏதாவது சமாதானம் சொல்லலாம். அதுவும் அளவுக்கு மீறிய எச்சரிக்கைதான்.

மொத்தம் பதினான்கு கோடு. புள்ளையாரை விட்டுவிட்டால் மீதிப் பதின்மூன்றை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அரங்கும் கேட்கவில்லை, அவர்கள் பிரதியைப் பார்க்கவே இல்லை. எழுதியவரிடமும் நாங்கள் சொல்லவில்லை. நேரம் இல்லை என்று அப்போது எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். ஒரு தொலைபேசி அழைப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

நிகழ்ச்சி நாள்

தொண்ணூறு பேர் வந்தார்கள். எங்கள் கணக்குக்குப் பெரிய கூட்டம். பின்வரிசைகளில் முப்பது பேருக்கு மேல் ஊழியர்கள், குளித்து வந்த ஈரத் தலையோடு. இரண்டு அணிகளும் நன்றாகவே பேசின. ‘படிப்படியாக’ அணியில் ஒரு சிறு குத்தகைக்காரர், தன்னிடம் இருக்கும் ஒரே லாரி ஆளையும் ஏற்றுகிறது, சிமெண்டையும் ஏற்றுகிறது, பேருந்து வைத்தால் மாதச் செலவு எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவருக்குக் கிடைத்த கைதட்டலில் ஊழியர்களின் கையும் இருந்தது. எதிர்பார்க்கவில்லை.

ஆறாவது பேச்சின் நேரம் வந்ததும் நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். “இதை எழுதியவர் ஒரு நண்பர்” என்று சொல்லிவிட்டு வாசித்தார். நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்ற குரல். ஆனால் பழக்கதோஷம், வாசிக்க வாசிக்க அது செந்தமிழாகிவிட்டது. ‘ஏறுனோம்’ ‘ஏறினோம்’ ஆனது. ‘வேர்வ’ ‘வியர்வை’ ஆனது. மூன்றாம் வரிசை ஓரத்தில் எழுதியவர் உட்கார்ந்திருந்தார். அவர் உதடுகள் கூடவே அசைந்தன. மாடு வரும் இடத்தில் உதடுகள் அசைந்துகொண்டிருக்க, நடுவர் அதற்கு அடுத்த வரிக்குப் போய்விட்டார். எழுதியவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு உதடு அசையவில்லை.

‘படிப்படியாக, ஆனால் நாள் குறித்து’ என்று தீர்ப்பு வந்தது. துண்டுத் தாள்கள் பதினொன்று விழுந்தன. அவற்றில் ஏழு ஊழியர்கள் எழுதியவை. பேருந்து வந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று அவற்றில் ஒன்று கேட்டது. மேடையில் ஐந்து பேரும் தொடாத கேள்வி அது. நடுவர் அதை வாசித்தார். பதில் சொல்ல மேடையில் யாருக்கும் தெரியவில்லை.

காவல்துறையிலிருந்து யாரும் வரவில்லை, யாரும் அழைக்கவும் இல்லை. அரங்கு நிர்வாகி கடைசியில் வந்து, நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கிவிட்டுப் போகச் சொன்னார்.

முடிந்ததும் கீழே காப்பிக் கடையில் எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரோ கேட்க, ஆறாவது பேச்சாளர் தன் பேச்சை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். மாடும் வந்தது, கருப்புக் கண்ணாடியும் வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் தேத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நடந்தவை

மாணவர் அடுத்த ஆறு மாதம் சந்திப்புகளுக்கு வரவில்லை. கேள்வி நேரத்தை எடுத்ததுதான் அவருக்குப் பெரிய வருத்தம். நிரந்தரவாசி நண்பர் தொடர்ந்து வந்தார். மணி அடிக்கும் வேலையைத் தானாகவே நிரந்தரமாக எடுத்துக்கொண்டார். அது கேலியா பெருந்தன்மையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. 2024 பட்டிமன்றத்தின் தலைப்பு கைப்பேசியைப் பற்றியது.

என்ன மாற்றியிருப்போம்

பேச்சாளர்களை அழைக்கும் முன்பே விதியைப் படித்திருப்போம். சுவரொட்டியைக் கடைசியில் போட்டிருப்போம். விலக்குக்குள் வராத நிகழ்ச்சி என்றால் விண்ணப்பித்திருப்போம். மறுத்தால் மறுத்தார்கள் என்று எழுத்தில் இருந்திருக்கும். ஆறாவது பேச்சாளருக்கு மட்டுமாவது உறுப்பினர்களுக்குள் ஒரு மூடிய சந்திப்பு வைத்திருக்கலாம். அவர் சம்மதித்தால் மட்டும்.

இப்போது செயற்குழுவில் ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்கிறோம்: சட்டம் சொல்வது, அரங்கு சொல்வது, நாம் பயப்படுவது. மூன்றாவது பத்திதான் எப்போதும் நீளமாக இருக்கிறது. அதில் வருவதை வைத்து யாருடைய பேச்சிலும் கைவைப்பதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். கைவைத்தே ஆக வேண்டும் என்றால் எழுதியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

குடிமகன் அல்லாதவர் பேசக்கூடாது என்ற நிபந்தனையைப் பற்றி மன்றத்துக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. காவல்துறை அனுமதி இல்லாமல் பேசுவதற்கென்று ஒதுக்கிய ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கத்திலும் குடிமக்கள்தான் பேசலாம். வெளியார் நம் அரசியலில் தலையிடக்கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கும் அது புரிகிறது. ஆனால் லாரியில் போகிறவரை லாரியைப் பற்றிப் பேசாமல் வைக்கும்போது அந்த நியாயம் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெளிவாகவில்லை.

ஆறாவது பேச்சாளர் 2024 நடுவில் ஊர் திரும்பிவிட்டார். ஊருக்குப் போய்ச் சில மாதங்களில் ஒரு குரல் செய்தி அனுப்பினார். அந்த நான்கு தாளும் இருக்கிறதா, தங்கையிடம் காட்ட வேண்டும் என்றார். கோப்பில் இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். பென்சில் கோடுகளை அழித்துவிட்டு எடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அப்படியே எடுத்தேன்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. “அன்னிக்கே நெனச்சேன் அண்ணே. இந்தக் கோடெல்லாம் போலிஸ்ல போட்டதா?”

இல்லை, நான் போட்டது என்று எழுதினேன்.